புதுவீட்டுக்குப் போன பசு

மாட்டுக்குக் காசநோய் வரும் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். "மாடு இன்னா சார், பீடி குடிக்குதா?" என்று பால் சங்கத்தில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது நான் அரசாங்கக் கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, படப்பைக்குப் பக்கத்தில் இந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த புதிது. வேலையில் இருந்த காலம் முழுக்கச் சினை ஊசியும் கோமாரித் தடுப்பூசியுமாகவே போயிற்று. காசநோய் என்பது கல்லூரியில் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோன ஒரு பாடம். மெலிந்து இருமுகிற மாட்டை யாராவது ஓட்டிவந்தால் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மாட்டைப் பார்த்திருக்கிறேன். வரிசை நீளமாக இருக்கும். அப்படி எத்தனை மாடுகள் என்று இப்போது யோசிப்பதில்லை. யோசித்தால் களைப்பாக இருக்கிறது.

எங்கள் ஊர் சிரிப்பை நிறுத்தியது ஒரு சிறுமியின் கழுத்தால்தான். பால் கறக்கும் ஒருவருடைய மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிகள் வந்தன. மந்திரித்தார்கள், பற்றுப் போட்டார்கள், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்டமாலை, கழுத்து நெறியில் வருகிற காசநோய், என்றார்கள். அங்கிருந்த மருத்துவர், "பச்சைப் பால் குடிப்பாளா?" என்று கேட்டிருக்கிறார். மடியிலிருந்து நேராக வாயில் பீய்ச்சிக்கொண்டு வளர்ந்த பிள்ளை அவள். மாத்திரைகளில் குணமாகிவிட்டாள். ஆனால் ஊர் பயந்துவிட்டது.

சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். முன்பு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவர், அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து பால் சங்கத்தில் சேர்ந்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"நீங்க வூட்ல சும்மா பேப்பர் பட்ச்சினுதானே கீறீங்க சார். எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. மனைவி போன பிறகு என்னிடம் யாரும் வழி கேட்டிருக்கவில்லை. சோதனை செய்யலாம் என்றேன். நோய் இருக்கிற மாட்டை என்ன செய்வது என்று கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். வெளிநாடுகளில் அப்படிப்பட்ட மாட்டைக் கொன்றுவிட்டு ஈட்டுத்தொகை தருவார்கள். இங்கே யாரும் கொல்லவும் மாட்டார்கள், தரவும் மாட்டார்கள். செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், நடமாட்டத்தை நிறுத்துவது. சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நான் பேசினேன். "நோய் தானா நடந்து போறதில்ல. நாமதான் ஓட்டிக்கிட்டுப் போறோம். சந்தைக்கு ஓட்டுறோம், வளர்ப்பு வாரத்துக்கு விடுறோம், பொண்ணு கொடுத்த வீட்டுக்குச் சீரா அனுப்புறோம்." கைதட்டினார்கள். சோதனை செய்யாத மாடு ஊருக்குள் வரக் கூடாது, நோய் கண்ட மாடு கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது, பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டக் கூடாது, அதன் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடாகவே முடிவு செய்தார்கள். வாசகம் என்னுடையது. சட்டம் எதுவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பசு வைத்திருந்த ஓர் அம்மாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஊருக்குக் கடைசியில், கம்பெனிப் பையன்கள் தங்கும் விடுதிகளுக்குப் பின்னால் அவள் வீடு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கணவர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. மாடியில் கட்டியிருந்த ஓர் அறையைத் தென் மாவட்டத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மேய்க்கால் நிலமெல்லாம் கம்பெனிகளின் மதில்களுக்குள் போன பிறகு ஊரில் பலர் மாடுகளை விற்றுவிட்டார்கள். அவள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். வெள்ளை நிறம், அளவான திமில், நாட்டுப் பசு. பால் கொஞ்சம்தான் கறக்கும். அவள் பிழைத்தது பாலால் அல்ல.

படப்பையிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. முகூர்த்த நாளென்றால் பத்து வீடாவது கிரகப்பிரவேசம் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நுழைய ஒரு பசுவும் கன்றும் வேண்டும். அடுக்குமாடியில் இரண்டாவது தளம் வரை மாட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. சலவைக் கல் தரையில் வழுக்காமல், மேளத்துக்கும் கேமரா வெளிச்சத்துக்கும் மிரளாமல் நடக்கிற மாடு லேசில் கிடைக்காது. இந்த வெள்ளைப் பசு அப்படி நடக்கும். கூடத்தின் நடுவில் நின்று சாணம் போட்டால் வீட்டுக்காரர்கள் லட்சுமி வந்ததாகப் பூரித்துப்போவார்கள்.

"எம் மாடு பாக்காத வூடே கெடையாது சார்" என்று அவள் சொல்வாள். "ஹால் இன்னா சைஸு, கிச்சன் எந்தப் பக்கம், அட்டாச் பாத்ரூம் கீதா இல்லியா, எல்லாம் அதுக்கு அத்துப்படி. நான்தான் இன்னும் ஒழுவுற வூட்ல குந்தினு கீறேன்."

சோதனைக்கு அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊசி போட்டு ஏதாச்சும் ஆயிட்ச்சின்னா யார் சார் பாக்கறது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் இருக்கேன்" என்றேன்.

அரசு மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் பெண் மருத்துவர்தான் ஊர் மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார். கழுத்தில் ஓரிடத்தில் முடியை மழித்து, தோலின் கனத்தை அளந்து, தோலுக்குள் மருந்தைச் செலுத்த வேண்டும். மூன்றாம் நாள் வந்து பார்க்கும்போது அந்த இடம் தடித்திருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள். நான் கூடவே போனேன். சில மாடுகளுக்குத் தடித்திருந்தது. வெள்ளைப் பசுவுக்கும் தடித்திருந்தது. அதன் கிடாரிக் கன்றுக்கு, அப்போது அது பால்குடி மறக்காத குட்டி, ஒன்றும் இல்லை.

தடித்த மாடுகளில் பாதிக்குமேல், நோய் கண்டதற்கு அடையாளமாகக் காதில் சிவப்பு வில்லை மாட்டுவதற்குள் காணாமல் போய்விட்டன. விடியும் முன் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று என்றார்கள். எந்தச் சந்தைக்கு, யார் கொட்டகைக்கு என்று யாருக்கும் தெரியாது. செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். நான் சத்தம் போட்டேன். கடைசியில் வில்லையோடு ஊரில் நின்றவை மிகச் சிலவே. அந்தக் கட்டுப்பாட்டை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான். கன்றைப் பிரித்து வை என்றேன். பென்னலூரில் அக்கா வீட்டுக்கு அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதே என்றேன். கறந்து, நான் வெட்டச் சொன்ன பள்ளத்தில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டாள். கிரகப்பிரவேசங்களுக்கு வரமுடியாது என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள். அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது விசேஷங்களுக்குப் பந்தல், நாற்காலி, மாடு எல்லாம் ஏற்பாடு செய்கிற காண்டிராக்டர் ஒருவர். அவர் வேறு மாட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது மாடியிலிருந்து இறங்கிவந்த பையன் ஒருவன் நின்று கேட்டான்: "ஏங்க்கா, மாட்டுக்கு என்ன ஒத்தக் காதுல மட்டும் கம்மல் போட்டிருக்கீய?"

"ஆங், இன்னொரு கம்மல் உனக்கு எட்த்து வெச்சிருக்கேன். இந்த மாசமும் வாடகை லேட்டாவட்டும், நானே காதுல குத்தறேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஷிப்டுக்கு ஓடினான். அவளும் சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கன்றுக்கு இரண்டாவது முறை சோதனை செய்ய நானும் இளம் மருத்துவரும் பென்னலூருக்குப் போனோம். அப்போதும் கழுத்துத் தோல் வழுவழுவென்று இருந்தது. அதை அவள் தன் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது ஒண்ணு தப்பிச்சிட்டா போதும் சார். இது பெருசாயி, சினையாயி, ஒரு கன்னு போட்டாப் போதும். நான் திருப்பிப் பொழச்சிக்குவேன்." தாய் போனது போனதுதான் என்று அவள் மனத்தில் முடிவு செய்துவிட்டாள். மிச்சமிருந்த நாட்களையெல்லாம் அந்தக் குட்டியின்மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நானே பொறுப்பு.

என் மகளும் மருமகனும் ஒரகடத்துக்குப் போகும் வழியில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, எல்லாவற்றையும் விசேஷ ஏற்பாடு செய்கிற வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தோம். முதல் நாள் மதியம் அவர் போன் செய்தார். அவர் பேசி வைத்திருந்த மாட்டுக்குக் காலில் அடிபட்டுவிட்டதாம், மறுநாள் முகூர்த்தம் பெரியது, எங்கும் மாடு கிடைக்கவில்லையாம். மருமகனின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பசு காலடி படாம எப்படிங்க உள்ள போறது? கடன் வாங்கிக் கட்டுன வீடு." என் மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வெள்ளைப் பசுவைத் தெரியும். சோதனையைப் பற்றி நான் அவளிடம் விவரமாகச் சொன்னதில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

அந்த அம்மாள் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"சார், கொட்டாய வுட்டு வெளிய இட்னு போவக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அரை மணி நேரம்தாம்மா. நானே கூட நடந்து வர்றேன். வேற மாடு எதுவும் பக்கத்துல வராம பாத்துக்கறேன்."

"கன்னு இல்லாம இன்னா பூஜை? அய்யரு மொதல்ல கன்னைத்தான் கேப்பாரு."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாடு மட்டும் போகட்டும், கன்று வேண்டாம் என்று. பூஜையில் குறை வந்திருக்கும். சம்பந்தி முகம் சுளித்திருப்பார்.

"அக்கா வூட்லேந்து இட்டாறவா?" என்று அவளே கேட்டாள்.

"காலையில வந்துட்டு அப்படியே திரும்பிப் போயிடட்டும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. நான் கேட்கிறேன் என்றால் இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள். "அப்ப எல்லாம் சரியாப் பூட்சா சார்?"

"பார்க்கலாம்மா" என்றேன். முப்பத்தைந்து வருடம் விவசாயிகளிடம் பேசியவன் நான். எனக்குத் தெரியும், 'பார்க்கலாம்' என்றால் எதிரில் இருப்பவர் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கன்றைக் காலையில் கொண்டுவரச் சொன்னேன். வண்டி கிடைக்காது என்று அவள் அன்று மாலையே கொண்டுவந்து தாயின் பக்கத்தில் கட்டிவிட்டாள். பழகட்டும், இல்லையென்றால் புதுவீட்டில் கத்தும், முரண்டு பிடிக்கும் என்றாள். தொழில் தெரிந்தவள் சொல்வது சரிதான். பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பில் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்துத் தயாராக வைத்திருந்தாள். காதில் சிவப்பு வில்லை தெரிந்தது. விருந்துக்கு வருகிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். சாமந்தி மாலை ஒன்றை எடுத்துக் கொம்பிலிருந்து காதை மறைத்துத் தொங்கும்படி நானே சுற்றிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். அந்த வில்லையை மாட்டிய நாளில் அவளுடைய மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

புதுவீட்டு வாசலில் எல்லாம் முறைப்படி நடந்தது. பசு படியேறி, கூடத்தில் நின்றது. அவிழ்த்து விடப்பட்ட கன்று நேராக மடிக்குப் போய் முட்டிக் குடிக்கத் தொடங்கியது. பசு தலையைத் திருப்பி அதன் முதுகை, கழுத்தை, முகத்தை, மூக்கை நக்கியது. மாதக்கணக்கில் பிரிந்திருந்தது அல்லவா, நிறுத்தவே இல்லை. புசுபுசுவென்று மூச்சு விட்டுக்கொண்டு நக்கியது. பெண்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "பாரேன், தாய்ப் பாசத்தை!" என்று சம்பந்தி கண் கலங்கினார். அய்யர், "ரொம்ப விசேஷம், ரொம்ப விசேஷம்" என்று சொல்லிக்கொண்டே கற்பூரம் காட்டினார். பசு இரண்டு முறை இருமியது. சாம்பிராணிப் புகை என்று யாரோ சொன்னார்கள்.

அந்த மூச்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். என் பேரன் கன்றைத் தொடப் போனான். அவனைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவன் அழுதான். குழாயடியில் நின்றபடி, கன்றையும் இப்படி இழுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. இழுக்கவில்லை. போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டின் கயிற்றை என் கையில் கொடுத்து நிற்கவைத்தார்கள். நின்றேன்.

கன்று அன்று பென்னலூருக்குத் திரும்பவில்லை. வண்டிக்காரர் வரவில்லை, நாளைக்குப் போகிறேன் என்றாள். மறுநாள் அவளை முன்பு கூப்பிட்டுக்கொண்டிருந்த காண்டிராக்டர் அவளைத் தேடி வந்துவிட்டார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிற எல்லோருடைய போனிலும் அந்தப் படம் இருந்தது. வெள்ளைப் பசு, துள்ளுகிற கன்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டு டாக்டர். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"கூப்பிட்றாரு சார். போவட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? "யோசிச்சுச் செய்யும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் திரும்பிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

அந்தத் தை மாதம் முழுக்கப் பசுவும் கன்றும் வீடு வீடாகப் போயின. இரவில் ஒரே கொட்டகையில் கிடந்தன. ஊரில் மற்ற சிவப்பு வில்லை மாடுகளும் வெளியே வந்தன. ஏரிக்கரையில் மேய்ந்தன, பொதுத் தொட்டியில் தண்ணீர் குடித்தன. ஒன்றை அதன் சொந்தக்காரர் செம்பரம்பாக்கம் பக்கத்தில் தன் மகள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நான் சங்கத்துக்குப் போய்க் கேட்டேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செயலாளர்தான் பால் கேனை மூடிக்கொண்டே சொன்னார்:

"இன்னா சார் பண்ணச் சொல்றீங்க? உங்க வூட்டு விசேஷத்தன்னிக்கு மட்டும் கிருமிக்கு லீவு வுட்டீங்களாமே. எங்க வூட்டு கிருமியும் லீவு கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மாடு பீடி குடிக்குமா என்று கேட்டவரும் அங்கே இருந்தார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்காகச் சிரிக்காமல் இருந்தது அந்தச் சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. சங்கம் மறுபடி எல்லோருடைய பாலையும் வாங்கத் தொடங்கியது. பாலைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது.

முகூர்த்தங்கள் ஓய்ந்த பிறகு கன்றுக்கு ஒருமுறை சோதித்துவிடலாம் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். முதலில் மறுத்தாள். அதற்குப் பிறகு, "நீங்களே வாங்க" என்றாள். இளம் மருத்துவர் ஊசி போட்டார். மூன்றாம் நாள் காலையில் அவர் அளவுகோலை எடுப்பதற்குள் நான் கன்றின் கழுத்தில் விரலை வைத்தேன். கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடித்துச் சூடாக இருந்தது. கன்று என் முழங்கையை நக்கியது. மருத்துவர் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் நான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதுக்கும் வந்துடுச்சும்மா."

அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "அன்னிக்கி உங்க வூட்ல குடிச்சதுலயா, அப்பாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

அதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அன்றைக்கா, அடுத்த வாரமா, கடைசி முகூர்த்தத்திலா, யாருக்குத் தெரியும்? அந்த உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "அன்னைக்கு நான் கேட்டிருக்கக் கூடாது. கன்ன வரவிட்டிருக்கவே கூடாது. எனக்குத் தெரிஞ்சேதான் கேட்டேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் சார்" என்றாள். "பூவ எட்த்து காதுல சுத்தினீங்களே, அப்பவே தெரிஞ்சிப் போச்சு. இருந்தாலும் டாக்டரு சொல்றாரேன்னு வுட்டேன். எனக்கும் ஆசைதான்."

அவளும் பங்கு எடுத்துக்கொள்கிறாள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. அது அவளுடைய பெருந்தன்மை, அவ்வளவுதான்.

காப்பாற்ற இனி எதுவும் இல்லை என்று அவள் பசுவை விசேஷங்களுக்கு ஓட்டிக்கொண்டேதான் இருந்தாள். அந்த ஆண்டு மழைக்கு முன்பு ஒரு புதுவீட்டுப் படியில் ஏற முடியாமல் வெள்ளைப் பசு முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. எழுப்ப எழுப்ப எழவில்லை. வீட்டுக்காரர்கள் அபசகுனம் என்று கூச்சல் போட்டார்கள். காண்டிராக்டர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஐப்பசியில் அது செத்துப்போயிற்று. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று நான் போய் நின்றேன். பக்கத்து மனைப்பிரிவில் வேலை செய்துகொண்டிருந்த ஜேசிபியைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம்.

குழியை மூடிய மறுநாள் அவள் கன்றை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கார் நிறுத்துகிற இடத்துத் தூணில் கட்டினாள்.

"கம்பெனி கேண்டீன்ல வேலைக்குச் சேந்துட்டேன். இத வெச்சினு நான் இன்னா பண்றது? விக்கவும் மனசு வரல, வித்தா இன்னொருத்தி வூட்டுக்குத்தான் போவும். நீ வெச்சிக்கோ."

அதுவரை அவள் என்னை நீங்கள் என்றே சொல்லி வந்தாள். அந்த 'நீ' சரியான இடத்தில்தான் விழுந்தது. இளம் மருத்துவரிடம் கேட்டேன். தனியாக, மதிலுக்குள், வேறு மாடு இல்லாத இடம் என்றால் அங்கேயே இருக்கட்டும் என்றார். வாசலை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார்.

என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரிஞ்சேவாப்பா?" என்று கேட்டாள். பேரனுக்குச் சோதனை செய்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் அவனை இங்கே கூட்டிவருவதில்லை. நானும் அழைப்பதில்லை. நான் போகிற நாட்களில் குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு போகிறேன்.

தினமும் காலையில் புல் வாங்கி வருகிறேன். சாணம் அள்ளுகிறேன், தரையைக் கழுவுகிறேன், தொட்டியைத் தேய்க்கிறேன். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வேலைக்கு ஆள் வைத்தால் அந்த ஆளுக்கும் நோய் வரலாம் என்பதால் வைக்கவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்கிறேன். கிடாரி நன்றாக வளர்ந்துவிட்டது. பார்த்தால் நோய் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல வெள்ளை, அம்மாவைப் போலவே அமைதி. அந்தக் காண்டிராக்டர் ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கதவை மூடினேன்.

போன வாரம் அது முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியது. பொழுது விடிந்ததிலிருந்து ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அந்த அம்மாள் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவள், கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கன்றை விட்டுவிட்டுப் போன பிறகு அவள் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. கிடாரி அவளைப் பார்த்ததும் கயிறு இறுகும் மட்டும் முன்னால் வந்தது.

"மெயின் ரோடு வரைக்கும் கேக்குது. சினைக்கு ஊசி போட மாட்டியா?"

"போடக் கூடாதும்மா. கன்னு போட்டா அதுக்கும் வரும்."

"பால் இல்ல, கன்னு இல்ல, வெளிய போவக் கூடாது. அப்புறம் இன்னாத்துக்கு வளக்குற?"

"சாகுற வரைக்கும் பாத்துக்கணுமில்ல."

"யாரு சாவுற வரைக்கும்?" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பின்னால் இதை யாரிடம் கட்டிவைப்பது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவள் கம்பியின் வழியாகக் கையை நீட்டினாள். கிடாரியின் மூக்குக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஹாரன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள். கத்தல் நிற்கவில்லை. நான் புல்லைப் பிரித்துப் போட்டேன். அது சாப்பிடவில்லை.